வாங்க மறுத்த பணம்

அமெரிக்க அரசின் கணக்கில் 1980 முதல் ஒரு தொகை வட்டியோடு ஏறிக்கொண்டே இருக்கிறது. 100 கோடி டாலரைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. அதைப் பெற வேண்டியவர்களில் பலர் அந்த நாட்டின் மிக வறிய பகுதிகளில் வாழ்கிறார்கள். தெற்கு டகோட்டாவின் குளிரில் வீட்டைச் சூடாக்கவே திண்டாடும் குடும்பங்கள் அவர்களில் உண்டு. ஆனாலும் இன்றுவரை ஒரு டாலரைக்கூட அவர்கள் தொடவில்லை. கருங்குன்றுகள் (Black Hills) என்ற தங்கள் மலைநிலம் விற்பனைக்கு இல்லை, அவ்வளவுதான் அவர்கள் பதில்.

அவர்கள் லகோட்டாக்கள் என்ற அமெரிக்கப் பூர்வகுடிகள். காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு 'சியூ' என்றால் தெரியும். குதிரையும் புழுதியும் துப்பாக்கியுமாக, சட்டம் எட்டாத ஒரு வன்மேற்கைத்தான் நானும் பள்ளி நாட்களில் மனதில் வைத்திருந்தேன். பின்னால் வரலாறு படித்தபோது அந்தப் படம் அப்படியே சரிந்தது. சட்டம் அங்கே நன்றாகவே எட்டியிருந்தது. நிலம் பறிபோனதில் பெரும்பகுதி சட்டத்தின் பெயரால், பத்திரத்தில், முத்திரையோடு நடந்தது.

1803இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றச் சட்டம் வந்தது. செரோக்கிகள் என்ற பூர்வகுடிகள் சார்பில் ஒரு சிறு குழு மட்டும் 1835இல் போட்ட கையெழுத்தைச் சாக்காக வைத்து, அந்த மக்கள் மொத்தப் பேரையும் ராணுவம் கிளப்பியது. வழியில் சுமார் 4,000 பேர் செத்தார்கள். 1848இல் மெக்சிகோவின் பாதியளவு நிலம் கைமாறியது. 1862இல் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: 160 ஏக்கரில் ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர்செய்தால் அது உனக்கே சொந்தம். நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்து அந்த நிலத்தை உழுத ஏழைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது யாருடைய நிலம் என்று தெரிந்தே பங்கு போட்டுக் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

லகோட்டாக்களின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1868இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தோற்றவர்கள்மேல் திணித்ததல்ல அது. செம்முகில் (Red Cloud) என்ற தலைவர் தலைமையில் இரண்டு ஆண்டு போராடி, தங்கள் வேட்டை நிலத்தில் ராணுவம் கட்டிய கோட்டைகளைக் காலி செய்ய வைத்த பிறகு பெற்றது. மிசௌரி ஆற்றுக்கு மேற்கே, இன்றைய தெற்கு டகோட்டாவின் பாதி, கருங்குன்றுகள் உட்பட, யாருடைய தொந்தரவும் இன்றி அவர்களுக்கே என்று அதில் இருக்கிறது. 12ஆம் பிரிவு இன்னும் தெளிவு: வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது.

ஆறே ஆண்டு. 1874இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரி சுமார் ஆயிரம் பேரோடு அந்தக் குன்றுகளுக்குள் போனார். தங்கம் இருப்பதாகச் செய்தி பரவியது. அத்துமீறி நுழைந்தவர்களை முதலில் ஒப்புக்குத் தடுத்த ராணுவம் பிறகு தடுப்பதையே விட்டுவிட்டது. 1875இல் 60 லட்சம் டாலருக்கு விலை பேசினார்கள். லகோட்டாக்கள் மறுத்தார்கள். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரும் அவர் படைப்பிரிவும் அழிந்த கதை எல்லோருக்கும் தெரியும். படக்கதைகள் அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு நிதிச் சட்டம் இயற்றியது: கருங்குன்றுகளை எழுதிக் கொடுக்காவிட்டால் உணவுப்பொருள் கிடையாது. காட்டெருமைக் கூட்டங்கள் வேகமாக அழிந்துகொண்டிருந்த காலம் அது. அரசு தரும் மாட்டிறைச்சியும் மாவும்தான் பல குடும்பங்களுக்கு உயிர். பிள்ளைகளின் வயிற்றைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அப்படிக் கேட்டும் வயதுவந்த ஆண்களில் பத்தில் ஒரு பங்கினர்தான் கையெழுத்திட்டார்கள். நான்கில் மூன்று பங்கு எங்கே, பத்தில் ஒன்று எங்கே! அதையே போதுமென்று வைத்து 1877 பிப்ரவரியில் சட்டமாக்கி, 73 லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே லீட் என்ற ஊரில் தோண்டிய ஒரே சுரங்கம் 2002இல் மூடும்வரை சுமார் 4 கோடி அவுன்ஸ் தங்கம் தந்தது.

'அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் நடந்ததுதானே' என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் யாரும் அவர்களை அளக்கவில்லை. அவர்களே எழுதிய ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவை வைத்து அளந்தாலே போதும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதைத்தான் செய்தது. லகோட்டாக்கள் தரப்பில் 1923இல் தொடங்கிய வழக்கு 1980இல் முடிந்தது. இதைவிட மானக்கேடான நடத்தையை நம் வரலாற்றில் அநேகமாக எங்கும் காண முடியாது என்று கீழ் நீதிமன்றம் எழுதியதை எடுத்துக்காட்டி, 8 நீதிபதிகள் லகோட்டாக்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார்கள். 1877இன் மதிப்பில் 1.71 கோடி டாலர், அதற்கு நூற்றுக்கு 5 வட்டி, எல்லாம் சேர்த்து 10 கோடிக்கு மேல். நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. அந்தப் பணத்தை வாங்கினால் 1877இல் நடந்தது விற்பனை என்று ஆகிவிடும். அதனால்தான் வாங்கவில்லை. இந்த முடிவை வறட்டுப் பிடிவாதம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பசியைக் காட்டி வாங்கிய கையெழுத்தை, அதே வறுமையைக் காட்டி இன்னொரு முறை வாங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது நடக்காத காரியமும் இல்லை. அந்தக் குன்றுகளில் பெரும்பகுதி இன்றும் அரசு வனம். தனியார் வீடு, கடை எதையும் தொடாமல், அரசு கையிலுள்ள 13 லட்சம் ஏக்கரை மட்டும் திருப்பித்தர செனட்டர் பில் பிராட்லி 1985இல் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்கள் பலர் கோடை விடுமுறையில் அதே கருங்குன்றுகளில் உள்ள ரஷ்மோர் மலைக்குப் போய்ப் படம் போடுகிறார்கள். 1927 முதல் 1941 வரை பாறையில் செதுக்கிய அந்த நான்கு அதிபர் முகங்களில் ஒன்று லூசியானாவை வாங்கிய ஜெஃபர்சன். இன்னொன்று லிங்கன், 160 ஏக்கர் சட்டம் வந்த அதே 1862இன் டிசம்பரில், மின்னசோட்டாவில், லகோட்டாக்களின் உறவினமான டகோட்டாக்கள் 38 பேரைத் தூக்கிலிட ஒப்புதல் தந்தவர். செதுக்குவதற்கு முன் லகோட்டாக்கள் அந்தப் பாறையை ஆறு பாட்டன்மார் என்று அழைத்தார்கள். போகிறவர்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அதே குன்றுகளின் நடுவே பெ ஸ்லா என்ற புல்வெளி இருக்கிறது. லகோட்டாக்களுக்குப் புனித இடம். தனியார் கையிலிருந்த அது 2012இல் விற்பனைக்கு வந்தது. கணக்கில் கிடக்கும் கோடிகளைத் தொடாமல், அந்த இனக்குழுக்கள் தங்கள் பணத்தையும் நன்கொடையையும் திரட்டி, 1,942 ஏக்கரை 90 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். இப்போது அங்கே காட்டெருமைகளை மேய விட்டிருக்கிறார்கள்.