வரிப் பிடித்தம் இல்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமில்லை

அமெரிக்காவில் ஃபெலோஷிப் பணத்துக்கு (படிப்புக்கோ ஆய்வுக்கோ தரும் உதவித்தொகைக்கு) வரி கிடையாது என்று உங்கள் கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள், இதை நம்பிப் பலர் மாட்டிக்கொள்வார்கள். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகங்கள், உபகரணங்களுக்குப் போகும் பகுதிக்குத்தான் விலக்கு. வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போவது 1986 சட்டத்திருத்தத்திலிருந்து வரிக்குட்பட்டதுதான். போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்தபின் ஆய்வு செய்பவர்) என்றால் பட்டத்துக்குப் படிப்பவரே அல்ல, அதனால் முழுத்தொகைக்கும் வரி.

நான் சம்பளத்திலிருந்து ஃபெலோஷிப்புக்கு மாறியபோது அதே மேசை, அதே வேலை. முதல் மாதம் வங்கியில் கூடுதலாகப் பணம் விழுந்தது, சந்தோஷப்பட்டேன். வரிப் பிடித்தமே செய்யவில்லை என்பது வரிக்கணக்கு தாக்கல் செய்யும் ஏப்ரலில்தான் புரிந்தது. அப்புறம் அபராதமும் சேர்த்துக் கட்டினேன். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணையாக நாமே முன்கூட்டிக் கட்ட வேண்டுமாம், யாரும் சொல்லவில்லை.

காப்பீடுதான் இன்னும் வலித்தது. ஊழியராக இருந்தவரை நிறுவனம் கட்டிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் வருமானத்தில் சேரவில்லை. ஃபெலோ ஆனதும் அதே பிரீமியம் வருமானமாக ஏறிவிட்டது. கண்ணால் பார்க்காத பணத்துக்கு வரி! சேரும் முன்பே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.