டைட்டன்ஃபால் 2: தரையில் ஓடினால் பாதி ஆட்டம் போச்சு

மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டில் பழைய பிஎஸ்4 டிஸ்க் தேடும் நம்ம பசங்க அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டைட்டன்ஃபால் 2 எடுக்கலாமா? பழைய கேமாச்சே?" பழசுதான். சுவரில் ஓடும் பைலட்டும் அவர் ஏறி ஓட்டும் "டைட்டன்" என்ற ராட்சத ரோபோவும் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம், 2016 அக்டோபர் 28இல் வந்தது. எடுங்கள். ஆனால் கால் ஆஃப் டியூட்டி ஆடிப் பழகிய கையோடு போய் உட்காராதீர்கள். ரெண்டே நாளில் "ஓவர் பில்டப்பா இருக்கு" என்று டிஸ்கைத் திருப்பிக் கொடுக்க வருவீர்கள். பெங்களூரில் இந்த கேமைத் திட்டும் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஆடிவிட்டுத் திட்டுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தன்னிடம் இருக்கும் ஆகப்பெரிய சரக்கை இந்த கேம் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. அதுதான் இதன் முதல் குறை, பெரிய குறையும்கூட.

அந்தச் சரக்கு ஓட்டம். துப்பாக்கிகளை ஒரு நிமிஷம் மறந்துவிடுங்கள். சுவரில் ஓடும்போது வேகம் ஏறுகிறது. தரையில் இறங்கிச் சாதாரணமாக ஓடினால் சேர்த்த வேகம் கரைந்துவிடுகிறது. அதனால் செய்ய வேண்டியது இது: சுவரிலிருந்து குதியுங்கள், காற்றில் இன்னொரு குதி, தரையைத் தொடுவதற்குச் சற்று முன் குனியும் பட்டன். இறங்கியதும் நிற்காமல் சறுக்குவீர்கள். அந்தச் சறுக்கல் தேய்வதற்குள் மறுபடி குதி. காற்றில் இருக்கும்போது இடது ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்காமல், போக வேண்டிய பக்கம் சாய்த்து, பார்வையையும் அதே பக்கம் திருப்பினால் வேகம் குறையாமல் வளைந்து போகலாம். இது கைவந்தவன் மேப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடுவான். தரையில் ஓடுகிறவன் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறவன் மாதிரி. எல்லோருக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும்.

கான்சோலில் இதைச் செய்யும்போது கட்டைவிரல் சிக்கல் ஒன்று வருகிறது. கேம் வைத்திருக்கும் அமைப்பில் குதிக்க எக்ஸ், குனிய வட்டம். இரண்டும் வலது கட்டைவிரலின் வேலை. பார்வையைத் திருப்பும் வலது ஸ்டிக்கும் அதே விரலுக்குத்தான். குதிக்கும்போது விரல் ஸ்டிக்கை விட்டு எழுகிறது, அந்த நேரம் திரும்ப முடியாது, குறியும் வைக்க முடியாது. சுவர் ஓட்டம் வராமல் திண்டாடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இது மட்டும்தான். இந்த ஊர் பாஷையில் சொன்னால், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. கன்ட்ரோலர் செட்டிங்கில் பட்டன் லேஅவுட்டை "பம்பர் ஜம்ப்பர்" என்று மாற்றுங்கள். குதிப்பது இடது ஆள்காட்டி விரலடியில் இருக்கும் எல்1க்கு வந்துவிடும்.

குனிவதையும் விரலடியில் கொண்டுவர வேண்டுமென்றால் பிஎஸ்4 செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டிக்குள் பட்டன் அசைன்மென்ட் பகுதிக்குப் போய் வட்டத்தையும் ஆர்3யையும் இடம் மாற்றுங்கள். ஸ்டிக்கை அப்படியே உள்ளே அமுக்கினால் குனியும், கையால் குத்துவது வட்டத்துக்குப் போய்விடும். ஒரு தொல்லை உண்டு. இந்த மாற்றம் கான்சோல் முழுக்கச் செல்லும், மெனுவில் பின்னால் போகக்கூட ஆர்3தான். வீட்டில் வேறு யாராவது ஃபிஃபா ஆடுகிறவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சண்டை வரும். முதல் நாள் இந்த அமைப்பு கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நாலைந்து நாள் தாண்டினால் பழைய அமைப்புக்குத் திரும்ப மனசு வராது.

இத்தனையையும் வெளியே யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கதையின் தொடக்கத்தில் "காண்ட்லெட்" என்று ஒரு ஓட்டப்பயிற்சிக் களம் வைத்திருக்கிறார்கள். முடித்த நேரத்தை வைத்து ஈஸி, ரெகுலர், ஹார்ட், மாஸ்டர் நாலில் எது உங்களுக்குச் சரி என்று பரிந்துரையும் செய்கிறது. நல்ல யோசனை. வேகமாக முடித்தவர்களின் நிழலுருவம் முன்னால் ஓடுவதையும் பார்க்கலாம். ஆனால் அந்த நிழல் எந்தப் பட்டனை எப்போது அழுத்தியது என்று காட்ட யாருக்கும் தோன்றவில்லை. வாத்தியார் கரும்பலகையில் விடையை மட்டும் எழுதிவிட்டுப் போனது போல.

கதைப்பகுதிக்கு வருவோம். மொத்தம் 9 மிஷன், 6 மணி நேரத்துக்கு முன்பின் ஆகும். நீளம் போதாது என்று குறைப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு மிஷனும் ஒரு புது யோசனையை எடுத்து, அதன் சாற்றை முழுக்கப் பிழிந்து, அது அலுக்கும் முன்னால் தூக்கிப் போட்டுவிடுகிறது. "இன்டு தி அபிஸ்" ஒரு தொழிற்சாலை. வீடுகளையே பலகை பலகையாக அடுக்கிப் பொருத்தும் இயந்திர வரிசை. அந்த நகரும் சுவர்கள்மேல்தான் நீங்கள் ஓட வேண்டும்.

"எஃபெக்ட் அண்ட் காஸ்" இன்னும் ஒரு படி மேலே. கையில் ஒரு கருவி, ஒரு பட்டன் அழுத்தினால் எரிந்து பாழான இன்றைய ஆய்வகத்திலிருந்து, எல்லாம் நன்றாக இருந்த பழைய காலத்துக்குத் தாவுவீர்கள். இரண்டும் ஒரே கட்டடம். இன்று நெருப்பு அடைத்திருக்கும் வழி அன்று திறந்திருக்கும், ஆனால் அங்கே காவலர்கள். ஒரு காலத்தில் இருக்கும் சுவரில் ஓடி, காற்றிலேயே காலத்தை மாற்றி, அடுத்த காலத்தில் மட்டும் இருக்கும் சுவரைப் பிடிக்க வேண்டும். சக்கத் ஐடியா. வேறு கம்பெனியாக இருந்தால் இந்த ஒரு கருவியை வைத்தே முழு கேமை ஓட்டியிருப்பார்கள். இதைச் செய்த ரெஸ்பான் கம்பெனி ஒரே மிஷனில் முடித்துவிட்டது. துணிச்சல்தான். கொஞ்சம் ஊதாரித்தனமும்.

கதை சொதப்புவது வில்லன்களிடம். கேன், ஆஷ், ரிக்டர், வைப்பர், ஸ்லோன் என்று கூலிப்படைக்காரர்கள் வரிசையாக வருகிறார்கள், ஒரு வசனம் பேசுகிறார்கள், சாகிறார்கள். கப்பலின் மேல்தளத்தில் நடக்கும் வைப்பர் சண்டையைத் தவிர மற்றவை மனதில் நிற்பதில்லை. உங்கள் டைட்டன் பிடி-7274 பேசும்போது இரண்டு பதில்களில் ஒன்றைத் தேர்வு செய்யலாம், எதைத் தேர்ந்தாலும் கதை மாறாது. ஆனால் அந்தப் பேச்சால்தான் ஒரு இரும்பு மனிதன்மேல் நமக்குப் பாசம் வருகிறது, அதனால் மன்னிக்கலாம்.

மல்டிபிளேயரில் விவாதத்துக்குரிய விஷயம் டைட்டன்களின் உயிர். 2014இல் வந்த முதல் பாகத்தில் டைட்டனின் கவசம் ஒதுங்கி நின்றால் தானாக நிரம்பும். இதில் நிரம்பாது. பேட்டரி வேண்டும். எதிரி டைட்டன் முதுகில் ஒரு பைலட் ஏறினால் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம், அதைத் தன் அணியின் டைட்டனில் செருகினால் அதற்குக் கவசம் கிடைக்கும். தனியாகக் கதாநாயகன் வேஷம் போடுகிறவன் சீக்கிரம் செத்துவிடுகிறான், பேட்டரி தூக்கித் தரும் நண்பன் இருப்பவன் நெடுநேரம் நிற்கிறான். முதல் பாகத்தின் ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும், ஆனால் முன்பின் தெரியாத ஐந்து பேரோடு ஆடும்போது பேட்டரி தர ஒருத்தனும் வர மாட்டான் என்பதும் உண்மை. புதிதாக வருகிறவர்கள் டைட்டன் வகைகளில் டோன் எடுங்கள். 3 முறை அடித்து லாக் ஆனதும் ராக்கெட் தானாகத் தேடிப் போகும். முதுகில் யாராவது ஏறிவிட்டால் உடனே மின்புகையை விடுங்கள். டைட்டன் சாகும் கட்டத்துக்கு வந்ததும் இன்னும் ஒரு குண்டு போடலாம் என்று உட்காராமல் எஜெக்ட் ஆகி வெளியே பாயுங்கள். முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் தப்பு அதுதான்.

மேப்கள் சமமாக இல்லை. ஹோம்ஸ்டெட் போன்றவற்றில் வெட்டவெளி அதிகம், ஓடச் சுவர் குறைவு, தூரத்தில் ஸ்னைப்பரோடு படுத்திருப்பவனுக்குக் கொண்டாட்டம். 2017இல் சேர்த்த கிளிட்ச் அதற்கு நேரெதிர், இந்த ஓட்டத்துக்கென்றே அளந்து கட்டியது. பின்னால் வந்த மேப்கள், மோடுகள் எல்லாமே இலவசம், சீசன் பாஸ் கிடையாது. 4 பேர் சேர்ந்து எந்திரப்படையை எதிர்க்கும் ஃபிரண்டியர் டிஃபென்ஸும் அப்படி வந்ததுதான்.

ஆன்லைனில் இதை ஆடும் ஆட்கள் குறைவு. அதற்குக் காரணம் வெளியீட்டு நாள். இந்த கேமை வெளியிட்ட அதே இஏ கம்பெனியின் பேட்டில்ஃபீல்ட் 1 ஒரு வாரம் முன்னால், கால் ஆஃப் டியூட்டியின் அந்த வருஷ கேம் ஒரு வாரம் பின்னால். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஆட்டோவைச் செருகிவிட்டார்கள். அதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். அட்ரிஷன் தவிர மற்ற மோடுகளில் ஆட்டம் கிடைக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

ஸ்பிளிட் ஸ்கிரீன் இல்லை. அல்சூரிலோ மடிவாளாவிலோ நாலு பேர் ஒரு வீட்டில், ஒரு டிவி, ஒரு கான்சோல் என்று இருப்பவர்களுக்கு இது பெரிய ஓட்டை. கதையை முறைவைத்துத்தான் ஆட வேண்டும்.

வாங்கினால் டிவியில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். படத்தை மென்மையாக்கும் வேலைகளையெல்லாம் டிவி செய்துகொண்டிருந்தால் பட்டனுக்கும் திரைக்கும் நடுவே தாமதம் விழும், 60 ஃபிரேமில் ஓடும் கேமுக்கு அது கொலை. அபார்ட்மென்ட்டில் சுற்றி நாற்பது வைஃபை இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலில் திணறும். லான் கேபிள் இழுங்கள், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ். கேமில் டேட்டா சென்டர் பட்டியலைத் திறந்து பிங் (சர்வர் பதில் தர ஆகும் தாமதம்) குறைவானதை நீங்களே தேர்ந்தெடுங்கள். செகண்ட் ஹேண்ட் கன்ட்ரோலரில் ஸ்டிக் தானாக நகர்ந்தால் டெட்ஸோனை, அதாவது ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாத அளவை, கூட்டுங்கள்.

இன்னொன்று, கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் பிஎஸ்என் லைப்ரரியை ஒரு தடவை பாருங்கள். 2019 டிசம்பரில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு இதைக் கொடுத்தார்கள். அப்போது அழுத்தி வைத்து மறந்திருந்தால், சந்தா உயிரோடு இருக்கும்வரை கேமும் அங்கேயே இருக்கும். டவுன்லோட் போட்டால் போதும்.