மடிப்புக் கலையாத பேண்ட்

முதல் சாம்பிளைத் தோழியின் அம்மா கையில் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டார்.

"நீங்கள் பதினேழு வயதில் போட்டீர்களே, அந்தப் பேண்ட்தான்" என்றேன்.

"இதைப் போட்டுக்கொண்டு நான் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். மடிப்பு எங்கே?"

எட்டு மாதமாக நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு சின்ன ஸ்ட்ரீட்வேர் (தெருப்பாணி உடை) தொகுப்பு செய்துகொண்டிருக்கிறோம். மொத்தம் ஏழு உடைகள். எல்லாமே கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் சிக்கானா உடை மரபிலிருந்து வந்தவை. சிக்கானா என்றால் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கப் பெண். முன்பு ஏளனமாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை, 1960களின் உரிமைப் போராட்டக் காலத்தில் அந்த மக்களே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். எங்களில் புகைப்படம் எடுக்கும் தோழியும், கடைப் பலகைகளுக்குக் கையால் எழுத்து வரையும் தோழியும் லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள். மூன்றாவது ஆள், புகைப்படத் தோழியின் அம்மா. நான் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், வெட்டுகிறவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தொழில் கற்று, இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த மரபில் பிறக்காத ஒரே ஆள் நான்தான். அதனால்தான் இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த முதல் சாம்பிளில் நான் செய்த தவறு இதுதான். இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்து, "தொளதொள பேண்ட்" என்று மனதில் பதிய வைத்துக்கொண்டு வரைந்துவிட்டேன். அகலத்தைப் பார்த்தேன், இஸ்திரியைப் பார்க்கவில்லை. அன்று மாலை முழுக்க அம்மா எனக்கு இஸ்திரியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். 1980களில் கடையில் ஆண்கள் பகுதிக்குப் போய் டிக்கீஸ் அல்லது பென் டேவிஸ் வாங்குவார்களாம். அப்பாவும் அண்ணனும் வேலைக்குப் போட்டுப்போகிற அதே உழைப்பாளி பேண்ட். இடுப்பு பெரிதாக இருக்கும், பெல்ட்டால் இறுக்கிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஸ்ப்ரே கஞ்சி அடித்துத் தேய்ப்பார்கள். முன்மடிப்பில் விரலை வைத்தால் அறுக்க வேண்டும். வெள்ளை டீ ஷர்ட்டுக்கும் மடிப்பு உண்டு. கம்பளிச் சட்டையில் மேல் பொத்தானை மட்டும் போட்டு மற்றதைத் திறந்து விடுவார்கள். அப்புறம் பழுப்பு லிப் லைனர், மெல்லிய புருவம், ஒரு பாட்டில் ஸ்ப்ரே காலியாகும்வரை தூக்கி நிறுத்திய முன்முடி. இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. இருந்ததே இரண்டு வேட்டி. இரண்டும் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். கையில் காசில்லை என்பது உடம்பில் தெரியக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். "எங்களைப் பார்த்தால் ரவுடி என்பார்கள். அந்தத் தெருவிலேயே சுத்தமாக உடுத்தியவர்கள் நாங்கள்தான்."

நான் எடுத்திருந்தது முழுப் பருத்தி ட்வில், சாய்கோட்டு நெசவுத் துணி. இரண்டாவது துவைப்பில் மடிப்பு போய்விட்டது. அந்தக் காலத்துப் பேண்ட்டில் 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி. மடிப்பு நிற்பதற்குக் காரணமே அந்தக் கலவைதான். புகைப்படத் தோழிக்குப் பாலியெஸ்டர் துளியும் பிடிக்காது, சுற்றுச்சூழல் பற்றி நியாயமாகவே வாதாடினாள். மூன்று வாரம் பேசினோம். கடைசியில் அம்மா, "மடிப்பு நிற்காது என்றால் என் பெயரைப் போடாதீர்கள்" என்றார். கலவைத் துணிக்கே மாறினோம்.

நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். ஒரு மக்களின் உடையிலிருந்து எடுத்து ஒன்றைச் செய்யும்போது "உந்துதல் பெற்றோம்", "மரியாதை செலுத்துகிறோம்" என்றெல்லாம் எழுதுவது சுலபம். அந்த மக்களில் ஒருவர் அறைக்குள் இருக்கிறாரா, அவர் "வேண்டாம்" என்று சொன்னால் வேலை நிற்குமா, அதை மட்டும்தான் நான் இப்போது கேட்கிறேன். நிற்காது என்றால் அதைக் கூட்டு முயற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த உடைக்காக இந்தப் பெண்கள் கொடுத்த விலை சின்னது இல்லை. 1940களில் இங்கே பச்சூக்கா என்று அழைக்கப்பட்ட இளம்பெண்கள் இருந்தார்கள். தோள் அகன்று தொடைவரை நீளும் 'ஸூட் சூட்' என்ற ஆண்கள் கோட்டைப் போட்டு, முடியை உயரத் தூக்கி, அடர்நிற உதட்டுச்சாயம் பூசித் தெருவில் நடந்தவர்கள். போருக்காக 1942இல் அரசு கம்பளித் துணிக்குக் கட்டுப்பாடு போட்டதும், நீளக் கோட் போடுவதே தேசத் துரோகம் போல ஆகிவிட்டது. அதே ஆண்டு மெக்சிகோ வழி இளைஞர்கள் பலர் மீது போட்ட ஸ்லீப்பி லகூன் கொலை வழக்கில் சில பெண்கள் சாட்சி சொல்ல மறுத்தார்கள். எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலேயே அவர்களை வென்ச்சுரா சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். 1943 ஜூனில் கடற்படை வீரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஸூட் சூட் போட்ட இளைஞர்களை அடித்து, நடுத்தெருவில் உடையை உருவினார்கள். நகரசபையோ அந்த உடையைத் தடை செய்யலாமா என்று விவாதித்தது.

இதெல்லாம் எண்பது வருடத்துக்கு முந்தைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். கலிபோர்னியா போலீஸ் 'கால்கேங்' என்று ஒரு தகவல் பட்டியல் வைத்திருக்கிறது. ஒருவரைக் கும்பலைச் சேர்ந்தவர் என்று அதில் ஏற்றுவதற்கான அடையாளங்களில் உடையும் ஒன்று. 2016இல் மாநிலத் தணிக்கையாளர் சோதித்தபோது, பட்டியலில் ஏற்றப்பட்ட நேரத்தில் ஒரு வயதுகூட ஆகாதவர்கள் என்று 42 பேர் அதில் இருந்தார்கள். கைக்குழந்தைகள்! அதற்கு முந்தைய ஆண்டு, 2015 மார்ச்சில், பாரிஸில் ஜிவான்ஷி ஃபேஷன் நிறுவனத்தின் மேடையில் அதன் வடிவமைப்பாளர் ரிக்கார்டோ டிஷி "சோலா விக்டோரியன்" என்று சொல்லி மாடல்களின் நெற்றியில் முடியைச் சுருட்டி ஒட்டி நடக்கவிட்டார். சோலா என்பது இப்படி உடுத்தும் சிக்கானா இளம்பெண்களுக்கு இங்கே வழங்கும் பெயர். அதே நெற்றி முடி, அதே பெயர். பாரிஸில் கைதட்டல், பாயில் ஹைட்ஸில் போலீஸ் பட்டியல்.

எங்கள் தொகுப்பில் ஒரு ஜெர்சி இருக்கிறது. ஆங்கிலப் பழங்கால எழுத்தில், கிழக்கு எல்.ஏ. சுவர்களில் எழுதுவது போல, முதுகில் பெயர். அதற்குக் கீழே ஒரு எண் போடலாம் என்றேன். பேட்டர்ன் தாளில் வெறுமனே 13 என்று எழுதி வைத்தேன். எழுத்துத் தோழி அந்தத் தாளை எடுத்து மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அந்த எண் இங்கே ஒரு கும்பலின் அடையாளம். "பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இதைப் போட்டுக்கொண்டு தப்பான தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கினால்?" என்று மட்டும் கேட்டாள். ஜெர்சியில் எண்ணே இல்லை இப்போது. அவள் இல்லாமல் அதை அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதற்காக அவர்களுக்குள் எப்போதும் ஒரே கருத்து என்றும் நினைத்துவிட வேண்டாம். மெக்சிகோ மக்கள் வணங்கும் மரியன்னையான குவாடலூப்பே மாதாவின் படத்தை ஜாக்கெட் முதுகில் போடலாமா என்பதில் அம்மாவும் மகளும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. மாதாவை வியாபாரத்துக்கு இழுக்காதே என்றார் அம்மா. 1978இலேயே யோலாண்டா லோபஸ் என்ற ஓவியர் தன்னையே மாதாவாக, ஓடுகிற காலணியோடு வரைந்தாரே, அவரும் சிக்கானாதானே என்றாள் மகள். நான் வாயைத் திறக்கவில்லை, அது என் வீட்டுச் சண்டை இல்லை.

வழி கிடைத்தது எழுத்துத் தோழியிடமிருந்து. 1531இல் ஹுவான் டியேகோ தன் மேலாடையில் ரோஜாக்களை அள்ளிக்கொண்டு பிஷப்பிடம் போய் விரித்தபோது, பூக்கள் உதிர்ந்து துணியில் மாதாவின் உருவம் தெரிந்தது என்பது அவர்கள் ஐதீகம். அப்படியென்றால் அந்தக் கதையே ஒரு துணியின் கதை. ஜாக்கெட்டின் வெளியே ஒன்றும் வேண்டாம், உள் லைனிங்கில் ரோஜாக்கள் மட்டும் போதும் என்றாள். கருப்பு ஜாக்கெட்டைத் திறந்தால் சிவப்பு ரோஜா கொட்டுகிற மாதிரி இருக்கிறது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஏழு உடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நான் தனியாக யோசித்திருந்தால் பத்து வருடமானாலும் அது வந்திருக்காது.

யாராவது இந்த மரபைப் பார்க்க வேண்டும் என்றால், ஃபேஷன் படங்களுக்கு முன்னால் குவாடலூப்பே ரொசாலெஸ் என்ற கலைஞர் 2015இல் இன்ஸ்டாகிராமில் தொடங்கிய 'வெட்டெரானாஸ் அண்ட் ரூக்காஸ்' தொகுப்பைப் பாருங்கள். தென் கலிபோர்னியாவின் சாதாரணப் பெண்கள் தங்கள் ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்த படங்கள். கார் பானெட்டில் சாய்ந்து நிற்பவர்கள், பள்ளி நடன விழா, கையில் குழந்தை. ஜூடி பாக்கா என்ற சிக்கானா ஓவியர் 1976இல் செய்த 'லாஸ் த்ரெஸ் மரியாஸ்' என்ற படைப்பும் உண்டு. மூன்று பலகைகள். ஓரங்களில் ஒரு சோலாவும் ஒரு பச்சூக்காவும், நடுவில் கண்ணாடி. அதன் முன்னால் நிற்கிறவர் அந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் தன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, பணம். இதைப் பேசாமல் மரியாதை பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. லாஸ் ஏஞ்சலஸ் தையல் கூடங்களில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கப் பெண்கள். 2022 ஜனவரியிலிருந்து இங்கே தையல் வேலைக்கு பீஸ் ரேட், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, சட்டப்படி கூடாது. ஆனால் அந்த வருடம் மத்தியத் தொழிலாளர் துறை ஆய்வு செய்தபோது, ஓரிடத்தில் மணிக்கு 1.58 டாலர் கொடுத்ததைக் கண்டுபிடித்தார்கள். பீஸ் ரேட் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, திருப்பூரில் என் அக்கா அதில்தான் ஆறு வருடம் உழைத்தாள். சிக்கானா அழகை உடையில் அச்சடித்துவிட்டு, அதைத் தைக்கிற பெண்ணின் வயிற்றில் அடிப்பதை எந்தக் கலை என்று சொல்வது? எங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் மூன்று பேருக்கும் மணிக்கூலிதான். அம்மாவுக்கு ஆலோசகர் சம்பளமும் லாபத்தில் நாலில் ஒரு பங்கும், எழுத்தில் போட்டு நாலு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

அதனால் பேண்ட்டின் விலை ஏறிவிட்டது, 118 டாலர். ஆண்கள் பகுதியில் வாங்கி பெல்ட்டால் இறுக்கிக்கொண்ட பெண்ணால் இந்த விலைக்கு வாங்க முடியாது. இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. இப்போதைக்கு எடுத்த முடிவு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டு முற்றத்தில் அடக்க விலைக்கு விற்பது. அக்கம்பக்கத்தாருக்கு மட்டும், ஆன்லைனில் கிடையாது. யார் அக்கம்பக்கம் என்பதை அம்மாவே முடிவு செய்வார். முதல் சனிக்கிழமைக்கு 24 பேண்ட் வெட்டி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் தானே தேய்க்கப் போவதாகச் சொல்லி நேற்று மூட்டையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.