“எந்தப் பையனோட அம்மா நீங்க?”

போன ஞாயிற்றுக்கிழமை கரூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் செஸ் போட்டி. ரேபிட், அதாவது குறைந்த நேர ஆட்டம், ஏழு சுற்று. காலை எட்டரைக்கே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, யாரோடு யார் ஆட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த பேரிங் தாளில் என் போர்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, கையில் தண்ணீர் பாட்டில், தோளில் பிள்ளையின் பை, சிநேகமாகக் கேட்டார்: “எந்தப் பையனோட அம்மா நீங்க?”

“பையன் வரலைங்க. நான்தான் ஆடுறேன்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நடுவர் மைக்கில் “பேரன்ட்ஸ் எல்லாம் ஹாலை விட்டு வெளியே போங்க” என்றார். அவர் போனார், நான் போகவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து காய்களை நேராக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, “மேடம், பேரன்ட்ஸ் வெளியே...” என்று இழுத்தான். பெயர்ச் சீட்டைக் காட்டினேன். “ஓ சாரி ஆன்ட்டி” என்று ஓடியே போய்விட்டான்.

எனக்கு 46 வயது. திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. என் மகன் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை செஸ் ஆடினான். அத்தனை வருடமும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நான் இருந்தேன். நாமக்கல், சேலம், திண்டுக்கல் என்று எந்த ஊர்க் கல்லூரி வராந்தாவில் எங்கே மின்விசிறி ஓடும், எந்தக் கேன்டீனில் பொங்கல் காலியாகிவிடும் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் ஆன் பாஸான் (சிப்பாயைச் சிப்பாய் வெட்டும் ஒரு தனி விதி) என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆட்டத்தின் முடிவு மட்டும் தெரியும். அவன் கதவைத் தாண்டி வரும்போது செருப்பை எப்படி மாட்டுகிறான் என்பதிலேயே தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு வந்தது. செஸ் போனது. தமிழ்நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆயுத பூஜைக்குப் பரண் ஒழித்தபோது அந்தச் சுருட்டுப் பலகையும் காய்ப் பையும் கைக்கு வந்தன. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டார் வீட்டுக்காரர். “இருக்கட்டும்” என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது. பெரிய வைராக்கியம் எல்லாம் இல்லை.

2023-ல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையின்போது பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி ஓரமாக நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். நானும் பகிர்ந்து கண் கலங்கியவள்தான். அந்தப் படத்தை எத்தனை பேர் பகிர்ந்தோமோ, அதில் பாதிப் பேருக்காவது ஆனந்துக்கு ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்ததே அவருடைய அம்மா சுசீலாதான் என்பது தெரியுமா? ஆட்டம் தெரிந்த அம்மா அவர். நாம் கொண்டாடுவதோ காத்திருக்கும் அம்மாவை. காத்திருப்பதைக் குறை சொல்லவில்லை. நானே வருடக்கணக்கில் செய்த வேலை அது. ஆனால் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் நூறு பேரில் ஒருவருக்குக்கூட உள்ளே போய் ஆடிப் பார்க்கத் தோன்றவில்லை என்பது எனக்கு இப்போது விசித்திரமாக இருக்கிறது.

தோன்றினாலும் வழி எங்கே? கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். “பையனுக்கா, பொண்ணுக்கா மேடம்?” எனக்குத்தான் என்றேன். “அடல்ட் பேட்ச் இல்லையே மேடம்... நீங்க யூடியூப் பாத்தாலே போதும்.” சொன்னவர் நல்ல மனிதர்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார். இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், 1961-லேயே. 1972-ல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் அவர் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் ஆனந்த் வளர்ந்தார். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடே நடத்தினோம். அப்பேர்ப்பட்ட ஊரில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் காய் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு பெஞ்ச் கிடையாது. போட்டிகளில் பரிசுகூட ஏழு வயதுக்குக் கீழ், ஒன்பது வயதுக்குக் கீழ் என்று படிப்படியாக ஏறி, அங்கிருந்து ஒரே தாவில் அறுபதுக்கு மேல் போய்விடுகிறது. நடுவில் இருக்கிற நாங்கள் நுழைவுக் கட்டணம் கட்ட மட்டும். (உலக சீனியர் போட்டியில் 50-லிருந்தே ஒரு பிரிவு உண்டு. இன்னும் நாலு வருஷம். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.)

யூடியூப் பார்த்தேன். முதல் மூன்று மாதம் அதுதான் வேலை. அப்புறம் கைபேசியில் மூன்று நிமிட ஆட்டம். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துப் பத்தரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரை வரை. ஒன்று தோற்றால் அடுத்ததில் பிடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படியே பதினைந்து ஆட்டம். காலையில் எழுந்தால் ஒரு ஆட்டம்கூட நினைவில் இருக்காது, கட்டைவிரல்தான் வலிக்கும். என் வயதில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: அந்த மூன்று நிமிட ஆட்டத்தை விடுங்கள். அது தெரிந்தவர்கள் தெரிந்ததை வைத்து விளையாடுவது. நமக்கு இன்னும் எதுவும் தெரியாது.

1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி, அப்படியே அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கினார், கற்றுக்குட்டி நாலைந்து காய்தான் வைத்தார். பிறகு காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரும் கற்றுக்குட்டி மாதிரிதான் திணறினார். ஆக, அவர்களுக்கு இருப்பது பொதுவான ஞாபக சக்தி அல்ல, பார்த்துப் பார்த்துப் படிந்த உருவங்கள். குழந்தைக்கு அது வேகமாகப் படிகிறது. நமக்கு மெதுவாக. மெதுவாகப் படிவதை வேகமாக ஆடினால் ஒன்றும் ஒட்டாது, அவ்வளவுதான். நான் இப்போது தினமும் குக்கர் மூன்று விசில் வருவதற்குள் லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் ஒரே ஒரு புதிர் போடுகிறேன். விடை வராவிட்டால் பார்ப்பதில்லை. பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போவேன். ஒரு நாள் ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

ஆகவே “மூளைக்கு நல்லது, மறதி வராது” என்று யாராவது என்னைப் பாராட்டினால் கொஞ்சம் எரிச்சலாக வரும். எனக்கு மறதி முன்பைவிடக் கூடியிருக்கிறது. போன வாரம் பாலைப் பொங்கவிட்டேன், மனதில் ஒரு யானை எண்ட்கேம் (யானைகள் மிஞ்சிய கடைசிக் கட்டம்) ஓடிக்கொண்டிருந்ததால். ஒரு நடுத்தர வயதுப் பெண் விளையாட வேண்டுமென்றால் கையில் ஒரு மருத்துவக் காரணம் இருக்க வேண்டுமா? பிடித்திருக்கிறது, ஆடுகிறேன். அத்தைக்கு மட்டும் இது சுலபமாகப் புரிந்தது. நீடாமங்கலம் பக்கம் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் இருக்கிறார், ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் ஜெயித்த பிறகுதான் கல்யாணமே பண்ணினார் சிவன், ஒருமுறை போய்க் கும்பிட்டு வா என்றார். அந்த ராஜகுமாரியை அதுவரை எவனும் ஜெயித்ததில்லையாம். எனக்கு அவள் பக்கம்தான் மனசு போகிறது.

கரூர் கதைக்கு வருகிறேன். முதல் சுற்றில் எனக்கு எதிரே ஒரு சிறுமி. எட்டு வயது இருக்கும். கால் தரைக்கு எட்டவில்லை, நாற்காலிக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு மூவ் ஆடிக் கடிகாரத்தைத் தட்டிவிட்டு எழுந்து அடுத்த நாலு போர்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருவாள். நான் அதற்குள் ஒரு மூவ் யோசித்து முடித்திருக்க மாட்டேன். எனக்கு வெள்ளை. தாக்குகிறேன் பேர்வழி என்று ராணியைச் சீக்கிரமே வெளியே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ராஜாவைப் பத்திரமாக ஓரத்துக்கு நகர்த்தும் காஸில் செய்யவில்லை. அவளுடைய குதிரை சி2 கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரே நேரத்தில் ராஜாவுக்குச் செக், மூலையில் இருந்த யானைக்கும் குறி. மகன் இதே மாதிரி தோற்று வந்து பரிசலில் இருந்து விழுந்தவன்போல நின்ற ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. “பரவால்லடா, அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்” என்று அன்றைக்கு நான் சொன்னதற்கு அவன் ஏன் அப்படிக் கோபப்பட்டான் என்று இப்போதுதான் புரிந்தது. பரவாயில்லை என்பதற்கு அங்கே இடமே இல்லை.

கை குலுக்கியபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: “ஆன்ட்டி, காஸில் பண்ணியிருந்தா இது யானைக்கு மட்டும்தான் வந்திருக்கும்.”

குழந்தைகளிடம் தோற்பது அவமானமா என்று கேட்பவர்களுக்கு: முதல் ஐந்து தடவை, ஆமாம். அப்புறம் பழகிவிடும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் கணக்கே இதை ஒப்புக்கொள்கிறது. கிளாசிக்கலில், அதாவது நீண்ட நேர ஆட்டத்தில், முப்பது ஆட்டம் முடித்த பெரியவர் ஒருவர் சம ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ளவரை ஜெயித்தால் பத்துப் புள்ளி ஏறும். அதே வெற்றிக்குப் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு இருபது. அவர்கள் வளரும் வேகத்துக்குக் காகிதத்தில் இருக்கும் எண் ஈடுகொடுக்காது என்று தெரிந்தே வைத்த விதி. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. 2024 மார்ச்சில் ரேட்டிங் பட்டியலில் இடம்பிடிக்கத் தேவையான அடிமட்ட எண்ணையே 1400 ஆக்கியதில்தான் கொஞ்சம் வருத்தம். முன்பு 1000 இருந்தால் போதும். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இப்போது படியே இல்லை.

மதியத்துக்குள் ஆறு சுற்றில் இரண்டு புள்ளி. அதில் ஒன்று எதிராளி வராததால் கிடைத்தது. ஏழாவது சுற்றில் பத்து வயதுப் பையன். சிப்பாய் சிப்பாயாக வெட்டி, யானையை மாற்றி, கடைசியில் அவனிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், என்னிடம் வெறும் ராஜா. பக்கத்தில் வேடிக்கை பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

அவனுடைய வெள்ளை ராஜா ஈ4 கட்டத்தில், சிப்பாய் ஈ3, என் கறுப்பு ராஜா ஈ6. இந்த நிலை எனக்குத் தெரியும். சமையலறை மேடையில் இரண்டு மாதம் அடுக்கி அடுக்கிப் பார்த்தது. இரண்டு ராஜாவும் ஒரு கட்டம் விட்டு முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். இப்போது நான் ஆட வேண்டியிருந்தால் தோல்வி. அவன் ஆட வேண்டியிருந்தால் டிரா. வீட்டுச் சண்டையில் முதலில் வாயைத் திறப்பவர் தோற்பது மாதிரி. அவன் முறை. ராஜாவை இடப்பக்கம் கொண்டுபோனான், நானும் அதே பக்கம் நகர்ந்தேன். இந்தப் பக்கம் வந்தான், வந்தேன். சிப்பாயை உந்தினான். என் ராஜா கடைசி வரிசைக்குப் போக வேண்டிய நேரம் வந்தபோது கை நடுங்கியது உண்மை. நேராகப் பின்னால் போக வேண்டும், சாய்ந்து போனால் செத்தோம். நேராகப் போனேன். கொஞ்ச நேரத்தில் என் ராஜாவுக்கு நகர இடமுமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா. அவன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது. ஒரு தாயாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கை மட்டும் நீட்டினேன்.

வெளியே மகன் வண்டியோடு நின்றான். பன்னிரண்டாம் வகுப்பு, ட்யூஷனை முடித்துக் கூட்டிப்போக வந்திருந்தான். “ரெண்டரை பாயின்ட்” என்றேன். டீக்கடையில் டம்ளரையும் சர்க்கரைப் பொட்டலங்களையும் வைத்து அந்த முடிவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரிம்மா, அதுக்கு முன்னாடி யானையை ஏன் மாத்துனே? மாத்தாம இருந்தா நீ ஜெயிக்கலாம்ல?” என்றான். இப்போதுவரை என்னிடம் பதில் இல்லை.

அடுத்த மாதம் ஐந்து நாள் கிளாசிக்கல் போட்டி ஒன்று இருக்கிறது. ரேட்டிங் உள்ளவர்களோடு ஆட முதல் வாய்ப்பு. விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மகன் ஆடிய காலமெல்லாம் “மகனுக்குச் செஸ் போட்டி” என்று எழுதுவேன், மறுபேச்சு இல்லாமல் கையெழுத்து விழும். இந்த முறை “எனக்குச் செஸ் போட்டி” என்று எழுதினேன். மூன்று நாளாக மேலாளர் மேசையிலேயே இருக்கிறது. நேற்று அந்தப் பக்கம் போனபோது, “என்ன மேடம், பையன் பேரை எழுத மறந்துட்டீங்களா?” என்று கேட்டார்.