டான்யூபில் இரண்டு முறை

ஆற்றுக் கப்பல் பயணம் பற்றி விசாரிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அறையைப் பற்றித்தான். பால்கனி உள்ள அறை எடுக்கலாமா, ஜன்னல் மட்டும் இருந்தால் போதுமா? போன வாரம் ஒரு தோழியும் அதையே கேட்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறது, இரண்டு பேரும் ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றில் போகப்போகிறார்கள். அறை கிடக்கட்டும், கப்பல் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று முதலில் பார் என்றேன். "அதையெல்லாம் கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்றாள். மாட்டார்கள். எங்களுக்கு அது ஒரு முழுப் பயணத்தைத் தொலைத்த பிறகுதான் புரிந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் போனது ஜெர்மனியின் பஸ்ஸாவில் ஏறி புடாபெஸ்டில் இறங்கும் ஏழு இரவுப் பயணம். மேல்தளத்தில் பால்கனி அறை. கணவர் கிளம்புவதற்குப் பல மாதம் முன்பிருந்தே வாஹாவ் பள்ளத்தாக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரியாவில் மெல்க் முதல் கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர் நீளும் ஆற்றுப் பகுதி அது. இரண்டு கரையிலும் மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய திராட்சைத் தோட்டங்கள், அவற்றின் கீழே ஆப்ரிகாட் மரங்கள், நடுநடுவே பாழடைந்த கோட்டைகள். யுனெஸ்கோ 2000-ல் அந்தப் பகுதி முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192 கடைசியில் பிடித்து அடைத்து வைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டையும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கப்பலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

லின்ஸ் நகரத்திலிருந்து மாலை ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியது. சாப்பாடு முடிந்து மேலே கூடத்தில் பியானோ, பிறகு வினாடி வினா, பிறகு நடனம். பதினொன்றரைக்குப் படுத்தோம். கண் விழித்தபோது வியன்னா வந்துவிட்டிருந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் அவர் நின்றுவிட்டார். வாஹாவை நள்ளிரவு தாண்டி, நாங்கள் தூங்கும்போது கடந்து வந்திருக்கிறோம். அவர் கோபப்படவில்லை, யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. விரலால் அந்த வளைவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அட்டவணையில் "லின்ஸ், புறப்பாடு 18.00. வியன்னா, வருகை 8.00" என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அந்தப் பதினான்கு மணி நேரத்தில் என்னென்ன கடந்துபோகும் என்று நாங்கள்தான் யோசிக்கவில்லை. கப்பல் இரவில் ஓடினால் பகல் முழுவதும் ஊர் பார்க்கக் கிடைக்கும், ஒவ்வொரு நாளும் புது ஊரில் கண் விழிக்கலாம். இதை ஒரு பெரிய வசதியாகவே விளம்பரப்படுத்துகிறார்கள், பலருக்கு அது வசதியும்தான். ஆனால் ஊர்களை மட்டும் பார்ப்பதற்கு ரயில் போதும். ஆற்றுக்காகக் கப்பல் ஏறிவிட்டு, ஆற்றை இருட்டில் தாண்டுவதில் என்ன பயன்?

ஆஸ்திரியாவில் டான்யூப் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி மின் நிலைய அணைகளால் படிக்கட்டு போல ஆக்கப்பட்டுவிட்டது. அணைகளுக்கு நடுவே தண்ணீர் ஏரி மாதிரி அசையாமல் நிற்கும். ஆறு ஆறாகவே ஓடுவது இரண்டே இடங்களில்தான். ஒன்று வாஹாவ். இன்னொன்று வியன்னாவுக்குக் கீழே ஸ்லோவாக்கிய எல்லை வரை. இந்த இரண்டாவது இடத்தில், ஹைன்பர்க் அருகே, 1984-ல் அணை கட்ட மரம் வெட்ட வந்தபோது, டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கான மக்கள் அந்த ஆற்றங்கரைக் காட்டிலேயே கூடாரம் போட்டுத் தங்கித் தடுத்தார்கள். போலீசின் அடியையும் வாங்கினார்கள். அணை வரவில்லை. 1996-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அவர்கள் குளிரில் கிடந்து காப்பாற்றிக் கொடுத்த அந்தக் கரையையும் நாங்கள் முதல் பயணத்தில் தூக்கத்தில்தான் கடந்தோம். வீடு திரும்பிய பிறகு இதைப் படித்தபோது, இன்னொரு முறை போயே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சில வருடம் பணம் சேர்த்தோம். இரண்டாம் முறை அறையைப் பற்றிக் கவலையே படவில்லை. நான்கைந்து நிறுவனங்களின் அட்டவணைகளை மேசையில் பரப்பி வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பகுதிக்கும் பகலா இரவா என்று குறித்தோம். மெல்கிலிருந்து நண்பகலில் கிளம்பும் கப்பல் ஒன்று கிடைத்தது. கையிலிருந்த பணத்துக்குக் கீழ்த்தள அறைதான் வந்தது. திறக்க முடியாத சின்ன ஜன்னல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. காலையில் அன்னங்கள் எங்கள் முகத்துக்கு நேரே நீந்திப் போயின. எனக்கு அந்த அறை பிடித்திருந்தது.

பால்கனி பற்றிக் கேட்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். துறைகளில் இடம் போதாதபோது கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டிவிடுவார்கள். பக்கத்துக் கப்பலின் கூடம் வழியாக நடந்துதான் கரைக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது உங்கள் பால்கனிக் கதவைத் திறந்தால், எதிரே கை எட்டும் தூரத்தில் இன்னொருவர் பால்கனி. முதல் பயணத்தில் மூன்று ஊர்களில் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

மெல்கில் காலையில் ஆற்றுக்கு மேல் குன்றில் நிற்கும் மடத்தைப் பார்த்தோம். 1089 முதல் பெனடிக்டின் துறவிகள் இருக்கும் இடம். இப்போது நாம் பார்க்கும் மஞ்சள் நிறக் கட்டடம் 1702-ல் தொடங்கிக் கட்டப்பட்டது. நண்பகலில் கப்பல் நகர்ந்ததும் மொட்டைத்தளத்தில் போய் உட்கார்ந்தோம். கரையோரம் கிலோமீட்டர்ப் பலகைகள் வரிசையாக வரும். டான்யூபில் தூரத்தைக் கடலிலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள், அதனால் நாம் கீழே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். அவர் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். 2030. 2020. 2010. டூர்ன்ஸ்டைன் தேவாலயத்தின் நீலக் கோபுரம் வளைவுக்கு அப்பால் தெரிந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார். மேலே பாறையில் அந்தக் கோட்டையின் இடிந்த சுவர்கள். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது பின்னால் மறையும் வரை நின்றார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்" என்றார். அவ்வளவு நிறைவாக அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, கப்பலில் மாலை நேரம் எப்படி இருக்கும்? இதைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது ஒன்று, எங்கள் அனுபவம் இன்னொன்று. இரவுச் சாப்பாட்டுக்கு முன் கூடத்தில் மறுநாள் நிகழ்ச்சி பற்றி ஒரு பேச்சு இருக்கும். சாப்பாடு ஆறு பேர், எட்டு பேர் உட்காரும் மேசையில். அதற்கப்புறம் ஏதாவது ஒரு நிகழ்ச்சி. எல்லாமே நன்றாக இருக்கும், எதிலும் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கட்டாயம் இல்லாதபோதும், பணம் கொடுத்துவிட்டோமே என்று நாமே ஒன்றுவிடாமல் போய் உட்காருகிறோம். முதல் பயணத்தில் ஏழு மாலைகளும் அப்படியே போயின. நானும் அவரும் தனியாகப் பேசிய பேச்சு, பல் தேய்க்கும்போது பேசியதுதான்.

இரண்டாம் முறை மூன்று மாலைகளை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் விட்டோம். அதில் ஒரு இரவு கப்பல் லாக்கில் இறங்குவதைப் பார்த்தோம். பஸ்ஸாவிலிருந்து மெல்க் வரைக்கும் ஏழு அணைகள், ஒவ்வொன்றிலும் ஒரு லாக். கப்பல் ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் நுழையும், பின்னால் கதவு மூடும், தண்ணீரை வடித்துவிடுவார்கள். மோட்டார் சத்தம் அடங்கிவிடும். பக்கத்தில் ஈரச் சுவர் மெதுவாக மேலே ஏறுவது போலத் தெரியும். உண்மையில் கீழே போவது நாம். எங்களைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. கீழே கூடத்தில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சுவர் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் எழுந்ததும் பயமாக இருக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. முன்பக்கக் கதவு திறந்து கப்பல் மறுபடி ஆற்றுக்குள் வந்த பிறகும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தம்பதியாகப் போகிறவர்கள் மாலைகளைக் காலியாக விடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

துறைமுக நகரச் சுற்றுலா விஷயத்திலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வியன்னாவில் கப்பல்கள் நிற்பது ரைக்ஸ் பாலத்துக்கு அருகே. 1870-களில் வெட்டி நேராக்கிய ஆற்றின் கரை அது, பழைய நகரம் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. அதனால் பேருந்தில் ஏற்றிப் போகிறார்கள். முதல் முறை, ரிங் சாலையை ஒரு சுற்று, எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தவர் பின்னால் காதில் கருவியோடு ஒரு நடை, நாற்பத்தைந்து நிமிடம் சொந்த நேரம், அதில் பாதி கழிப்பறை வரிசையில். வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். நடக்க முடியாதவர்களுக்கு அந்தப் பேருந்துதான் ஒரே வழி. ஆனால் எங்களுக்கு அன்று என்ன பார்த்தோம் என்று இரண்டு நாள் கழித்தே நினைவில்லை.

இரண்டாம் முறை துறையிலிருந்து நடந்து மெட்ரோ ரயில் ஏறினோம். யு1 பாதையில் நான்காவது நிறுத்தம் ஸ்டெஃபான் தேவாலயம். அங்கிருந்து கலை வரலாற்று அருங்காட்சியகம் வரை நடந்தோம். அங்கே பீட்டர் புரூகலின் ஓவியங்கள் உள்ள ஒரே அறையில் காலை முழுவதும் இருந்தோம். 1565-ல் அவர் வரைந்த, பனியில் வேட்டை முடிந்து தளர்ந்து திரும்பும் மனிதர்களின் படத்துக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை. வியன்னாவில் மிச்சம் எதையும் பார்க்கவில்லை. எனக்கு வருத்தம் இல்லை.

வியன்னாவிலிருந்து கப்பல் விடியற்காலையில் கிளம்பியது. போர்வையோடு மேலே போய், ஹைன்பர்க் காட்டை வெளிச்சம் பரவும் நேரத்தில் பார்த்தோம். தண்ணீர் வரை சாய்ந்த மரங்கள், ஒரு நாரை, வேறொன்றும் இல்லை. நாங்கள் பேசவே இல்லை.

புடாபெஸ்டில் இரண்டு இரவு நிற்கும் அட்டவணையைத் தேடி எடுங்கள். கோடையில் அங்கே நன்றாக இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும். எட்டு மணிக்குக் கிளம்பிவிடும் கப்பலில் இருந்தால், 268 மீட்டர் நீளமுள்ள நாடாளுமன்றம் விளக்கேற்றித் தண்ணீரில் தெரிவதைப் பார்க்கவே முடியாது. 1849-ல் திறந்து, போரில் தகர்க்கப்பட்டு, சரியாக நூறு வருடம் கழித்து 1949-ல் மீண்டும் திறந்த சங்கிலிப் பாலத்தின் விளக்குகளையும் பார்க்க முடியாது.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு, பேருந்துகள் வருவதற்கு முன், பெஸ்ட் பக்கக் கரையோரமாக நடந்து காலணிகள் இருக்கும் இடத்துக்குப் போனோம். இரும்பில் வார்த்த அறுபது ஜோடி, 2005-ல் வைத்தவை. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புக் குறுக்குக் கட்சியினர் யூதர்களை ஆற்றோரம் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, சுட்டுத் தண்ணீரில் தள்ளினார்கள். குதிகால் செருப்பு, உழைப்பாளி ஒருவரின் பூட்ஸ், குழந்தையின் சின்ன ஷூ. முதல் பயணத்தில் இந்த இடத்துக்கு ஒதுக்கியது பத்து நிமிடம். இந்த முறை யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. அவர் அந்தச் சின்ன ஷூவுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். வெயில் ஏறும் வரை இருந்தோம்.

ஒரு எச்சரிக்கை. அட்டவணையும் சத்தியவாக்கு கிடையாது. 2022 கோடையில் போலத் தண்ணீர் வற்றினாலோ, வெள்ளம் வந்து பாலத்தின் கீழே கப்பல் நுழைய முடியாமல் போனாலோ, பேருந்தில் ஏற்றி அடுத்த ஊரில் விடுவார்கள். பஸ்ஸாவுக்கு மேலே, ஸ்ட்ராபிங் முதல் வில்ஸ்ஹோஃபன் வரை, ஆழம் குறைந்த பகுதியில் இந்தத் தொல்லை அதிகம். அதனால் பஸ்ஸாவிலோ அதற்குக் கீழேயோ ஏறுவது நல்லது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோழி நேற்று இரவு அவளுடைய அட்டவணையைப் படமெடுத்து அனுப்பினாள். லின்ஸ், புறப்பாடு 18.00. வியன்னா, வருகை 8.00. இன்னும் முன்பணம் கட்டவில்லையாம். மெல்கில் பகலில் நிற்கும் கப்பல்கள் எவை என்று நானும் அவரும் இன்று உட்கார்ந்து அவளுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.