பிளஸ் ஒன்னுக்கு வராதீர்கள், ஆறாம் வகுப்புக்கு வாருங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, பல்லாவரம், தாம்பரம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி வாசல்களில் நிற்பவர்களில் கணிசமானவர்கள் தனியார் பள்ளியில் பத்து முடித்த பிள்ளைகளின் பெற்றோர். கட்டணம் கட்டிக் கட்டி ஓய்ந்துபோய் வருகிறார்கள். விண்ணப்பத்தை வாங்கியதும் அவர்கள் கேட்கும் கேள்வி: “இங்க ரெண்டு வருஷம் படிச்சா 7.5 சதவீதத்துல வந்துடலாம்ல?”

வர முடியாது. 2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்த அந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஏழு ஆண்டும் வேண்டும். நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பினாலும் உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ‘ஏய்டட் ஸ்கூலும் கவர்மென்ட் மாதிரிதானே’ என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் சேரும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு மேல்நிலைப் பள்ளிக்கு வந்தாலும் கணக்கு முறியாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து, எட்டு வரை அங்கே படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளும் தகுதி உள்ளவர்களே. அந்த இடத்தில்தான் படித்தார்கள் என்பதற்கான சான்றை எட்டாம் வகுப்பு முடித்து வெளியேறும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான்கு ஆண்டு கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் போய்க் கேட்டால், நிர்வாகம் மாறியிருக்கும், பதிவேடு கிடைக்காது, அலைச்சல்தான் மிஞ்சும்.

ஏன் ஆறு? இந்தப் பள்ளிகள் வளர்ந்த விதம் அப்படி. சென்னையைச் சுற்றியுள்ள பழைய பள்ளிகள் பல, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஜில்லா போர்டு ஹைஸ்கூல்களாகத் தொடங்கியவை. தொடக்கப் பள்ளி ஊராட்சி ஒன்றியத்திடம் இருந்தது, உயர்நிலைப் பள்ளி ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கியது. காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே நிலமும் பெஞ்சும் கட்டடமும் கொடுத்தார்கள். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் டாங்க் தொழிற்சாலை, அம்பத்தூரில் எஸ்டேட் என்று வந்தபோது, அந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த வகுப்பறைகளை நிரப்பினார்கள். 1978-ல் கல்லூரியில் இருந்த பியூசி (புகுமுக வகுப்பு) எடுக்கப்பட்டு, பிளஸ் டூ பள்ளிக்குள் வந்தது. முதல் பொதுத்தேர்வு 1980 மார்ச்சில். அதன் பிறகும் நீண்ட காலம், உயர்நிலையை மேல்நிலையாகத் தரம் உயர்த்த ஊர் மக்கள் பங்குத் தொகை திரட்டிக் கட்ட வேண்டியிருந்தது. யாரோ கொடுத்த தானம் போல இந்தப் பள்ளிகளைப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவை அந்தந்த ஊர் தன் கைக்காசைப் போட்டு வாங்கிய பள்ளிகள்.

பிளஸ் டூவோடு கூடவே வந்தது தொழிற்கல்விக் குரூப். இயந்திரவியல், மின்சாரம், ஆட்டோமொபைல், அலுவலக மேலாண்மை, கணக்குப்பதிவியல், நர்சிங், நெசவு எனப் பல பிரிவுகள். புறநகருக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதைப் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களுக்கென்றே ஓராண்டுப் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் அதை நடத்துகிறது. இவ்வளவு இருந்தும் பள்ளிக்குப் பள்ளி இந்தக் குரூப் மூடப்பட்டு வருகிறது. ஆசிரியர் ஓய்வு பெறுவார், அந்தப் பணியிடம் நிரப்பப்படாது, அடுத்த ஆண்டு சேர்க்கை நிற்கும், லேத் மெஷின் துருப்பிடிக்கும். ‘மாணவர்கள் விரும்பவில்லை’ என்று பிறகு காரணம் எழுதப்படும். ஆசிரியர் இல்லாத குரூப்பை யார் விரும்புவார்கள்?

ஆகவே ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போகும்போதே, மேலே என்னென்ன குரூப் இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு முதுநிலை ஆசிரியர் இல்லை என்று கேளுங்கள். உயிரியலில் இதைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். பொதுத்தேர்வின் 70 மதிப்பெண்ணில் தாவரவியல் 35, விலங்கியல் 35. இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர். ஒருவர் இல்லை என்றால் பாதிப் புத்தகம் அனாதையாகிவிடும். நீட்டில் 720-க்கு 360 உயிரியலுக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பாதியை யாரும் நடத்தாமல், மாலையில் நீட் பயிற்சி வகுப்பு மட்டும் நடத்துவதால் பயனில்லை.

காலியிடத்தைத் தற்காலிகமாக நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) வழியாக ஆள் எடுக்க வழி உண்டு. முதுநிலை ஆசிரியருக்கு மாதம் 18,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு வருகிறவர், வேறு வேலை கிடைத்தால் பாதியில் போய்விடுவார். அதையும் மீறி, ஜூன் மாதமே தீர்மானம் போட்டு ஆள் பிடித்த பள்ளிக்கும் அரையாண்டு வரை காத்திருந்த பள்ளிக்கும் தேர்ச்சியில் வித்தியாசம் தெரியும். எஸ்எம்சி கூட்டத்துக்குப் போகிற பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

உதவித்தொகைகளுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி, தலா 90 நிமிடம். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மொத்தம் 48,000. பரீட்சையில் தோற்று இதை இழப்பவர்களை விட, தேர்வாகியும் தொகை வராமல் தவிப்பவர்களைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. இனிஷியல் ஆதாரில் முன்னால், பள்ளிப் பதிவேட்டில் பின்னால் என்று இருக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய புதுப்பித்தலை விட்டிருப்பார்கள். பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாறினால் அதோடு தொகை நின்றுவிடும். ஏழாம் வகுப்பு முடிவதற்குள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் எமிஸிலும் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

பத்தாம் வகுப்பில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர் 1,000 பேருக்கு, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். கேள்விகள் ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வரும் என்பதால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போட வேண்டாம். கல்லூரிக்குப் போன பின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். அவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்குதான்.

புறநகர்ப் பிள்ளைகள் சத்தமில்லாமல் இழந்த ஒன்றும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் எழுதும் கிராமப்புறத் திறனறித் தேர்வு, அதாவது ‘ட்ரஸ்ட்’ தேர்வு, ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டுமானது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது மாடம்பாக்கம், பெருங்களத்தூர், சிட்லபாக்கம் போன்ற பேரூராட்சிகள் அதில் இணைந்தன. ஊர்ப் பலகை மாறிய அளவுக்கு அங்குள்ள வீடுகளின் வருமானம் மாறவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு எழுதும் தகுதி போய்விட்டது. தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான். ஆனாலும் போட்டித் தேர்வு எழுதிப் பழக அது முதல் படி. நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இணையாக ஒரு தேர்வை அரசு வைக்க வேண்டும்.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்ற முடிவும் ஆறாம் வகுப்பில்தான் வரும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் இருக்கின்றன. பிள்ளைக்கு எதில் பாடம் புரிகிறதோ அதில் சேருங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, 2020 திருத்தத்துக்குப் பின் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் கிடைக்கும். ஆறில் ஆங்கிலவழிக்கு மாறிவிட்டுப் பின்னால் கல்லூரியில் தமிழ்வழி எடுத்தால் பயன் இல்லை.

சேர்க்கையில் பெரிய சிக்கல் ஒன்றுதான். பழைய பள்ளி, எமிஸில் மாணவரின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கட்டண பாக்கி என்று தனியார் பள்ளிகள் டிசியையும் தராமல், பெயரையும் விடாமல் இழுப்பார்கள். எட்டாம் வகுப்பு வரை டிசி இல்லை என்று எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு அதைச் சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், அவர் மேலே அனுப்பிப் பெயரை வாங்க முடியும்.

இதை ஜூலைக்குள் முடியுங்கள். ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1-ம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுகிறது. அந்தத் தேதியில் எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆகிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். செப்டம்பரில் பத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தாலும் அவர் திரும்பி வரப் போவதில்லை.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதே வளாகத்தில், அதே சமையலறையிலிருந்து வரும் சாப்பாடு பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு இல்லை. காலை எட்டு மணி சிறப்பு வகுப்புக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். அம்மா ஏழு மணிக்கே கம்பெனி வண்டி ஏறிவிடும் வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். பன்னிரண்டாம் வகுப்பு வரை சத்துணவு வேண்டும் என்று உங்கள் பள்ளியின் அடுத்த எஸ்எம்சி கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.