ஆர்வம் இருக்கிறது, விண்ணப்பத்தில்தான் காணோம்

ஆகஸ்ட் பிறந்தாலே பெங்களூரில் எனக்குத் தெரிந்த ஜூனியர் டாக்டர்களின் பர்சனல் ஸ்டேட்மென்ட், அதாவது 'இந்தத் துறை எனக்கு ஏன்' என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை, எல்லாம் என் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது ஒரு துறையில் மேற்படிப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிறவர்கள். முதல் பத்தியில் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கும். கடைசிப் பத்தியில் 'தங்கள் மேலான நிறுவனத்தில்' சேவை செய்யும் ஆவல். கல்யாணப் பத்திரிகை மாதிரி பெயரை மட்டும் மாற்றி யாருக்கும் அனுப்பலாம்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வில் ரேங்க் வந்தால் சீட். கவுன்சலிங்கில் ஏன் இந்தத் துறை என்று யாரும் கேட்பதில்லை. நிம்ஹான்ஸில் மனநல மருத்துவம் படிக்க ஐஎன்ஐ-சிஇடி என்ற நுழைவுத் தேர்வு எழுதுகிறவருக்கும் அதே கதைதான். ஒருவிதத்தில் நல்லது, சிபாரிசுக்கு வேலையில்லை. ஆனால் தனக்கு இது ஏன் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கமும் நமக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மருத்துவர் உரிமத்துக்கான தேர்வுகளில் ஒன்றான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில். ஒரே ஆள் நூறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டால் யாருக்கு நிஜமாகவே விருப்பம் என்று எப்படிப் பிரிப்பது? அதற்காக 2020-21இல் இஎன்டி துறையில், 'உங்கள் இடம்தான் எனக்கு நிஜமாகவே விருப்பம்' என்று குறிப்பிட்ட சில இடங்களுக்கு மட்டும் விண்ணப்பத்திலேயே தெரிவிக்கும் 'சிக்னல்' முறை வந்தது, அப்புறம் மற்ற துறைகளுக்கும் பரவியது. கையில் இருப்பது சில சிக்னல்கள்தான், அதனால்தான் அதற்கு மதிப்பு. நம் ஆட்களோ அதைப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு வாரி இறைத்துவிட்டு, வெளிநாட்டு மருத்துவர்களை வழக்கமாக எடுக்கும் இடங்களைக் கோட்டை விடுகிறார்கள்.

சமீபத்தில் ஒரு பெண் அனுப்பியிருந்தாள். அல்சூர் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை. ஸ்டேட்மென்ட் சுத்த மோசம். போனில் பேசும்போதுதான் விஷயம் வந்தது. அங்கே வரும் சர்க்கரை நோயாளிகளில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிகள். தங்கியிருக்கும் ஷெட்டில் ஃப்ரிட்ஜ் ஏது? இன்சுலினை மண்பானையில் எப்படிப் பத்திரமாக வைப்பது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஜெராக்ஸ் போட்டு, ஓபி முடிந்ததும் ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"இதை ஏம்மா எழுதல?"

"அது ரிசர்ச் இல்லையே சார்."

ரிசர்ச் என்று அவள் போட்டிருந்தது, காசு கொடுத்துப் பெயர் சேர்த்துக்கொண்ட ஒரு பேப்பர். நேர்காணலில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போச்சு. அதை எடுத்துவிட்டு மண்பானையை எழுதச் சொன்னேன். இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவத்தில்) ஆர்வம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நேர்காணலில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் வெப்சைட்டில் இருப்பதையே கேட்காதீர்கள். ரெசிடென்டுகளுக்கு அவுட்பேஷன்ட் கிளினிக் எப்படி ஒதுக்குகிறார்கள், ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பதிலைக் கேட்டால் அந்த இடம் உங்களுக்கு ஒத்துவருமா என்று உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று. நேர்காணல் முடிந்ததும் போன எல்லா இடத்துக்கும் 'நீங்கள்தான் என் முதல் தேர்வு' என்று மெயில் தட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. விண்ணப்பதாரரும் மருத்துவமனையும் ஆளுக்கொரு விருப்பப் பட்டியல் தர, இரண்டையும் பொருத்தி இடம் ஒதுக்குவதுதான் 'மேட்ச்'. அந்தக் கணக்கு விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் மருத்துவமனைக்காரர்கள் தங்கள் பட்டியலில் உங்களை எங்கே வைத்திருப்பார்கள் என்று மண்டையைக் குழப்பாமல், பிடித்த வரிசையில் பட்டியல் போடுங்கள். மெயில் எழுதியே ஆக வேண்டுமென்றால் முதலில் போட்ட அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எழுதுங்கள், அங்கே யார் சொன்ன எது பிடித்தது என்பதையும் சேர்த்து.